பிழைச்சீட்டு

நான் எப்போதும் பென்சிலால்தான் எழுதுவேன். பேனா புத்தகத்தைக் கெடுத்துவிடும். இந்த வாக்குமூலத்துக்கும் பென்சில் கேட்டேன், நீங்கள் தரவில்லை. சரி, உங்கள் இஷ்டம்.

அதே இஷ்டம் எனக்கும் உண்டு. கடை என்னுடையது. எதை விற்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று நான்தான் முடிவு செய்வேன். முப்பது வருடத்தில் எந்தப் புத்தகத்தையும் தடை செய்யச் சொல்லி நான் கொடி பிடித்ததில்லை. வேறு கடையில் வாங்கிக்கொள் என்பேன், அவ்வளவுதான். ஆனால் வாய்க்கு வந்தபடி மறுக்கவும் மாட்டேன். முழுதும் படித்து, தவறுகளைப் பக்க எண்ணோடு ஒரு சீட்டில் எழுதி, உள்ளே வைத்து அனுப்புவேன். மற்ற கடைக்காரர்கள் என் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகமே எடுப்பார்கள். சோம்பேறிகள்.

என் கடைக்குட்டித் தங்கை எழுதிய புத்தகத்துக்கும் அதே மரியாதைதான். என் மனைவி வீட்டு மாடிப்படியில் விழுந்து இறந்தபோது தங்கைக்குப் பதினோரு வயது. எங்களோடுதான் இருந்தாள். அண்ணன் தள்ளியதைப் பார்த்தேன் என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அதைச் சொந்தச் செலவில் அச்சடித்து, ஒரு பிரதியோடு என் கடைக்கே வந்து நின்றாள்.

"கடை உன்னுதுதான், அண்ணா. ஒரு ஓரமா வை, போதும். படிக்கிறவங்க முடிவு பண்ணட்டும்."

"படிக்கிறவங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

ஒரு வாரம் கழித்துச் சீட்டோடு திருப்பிக் கொடுத்தேன். இரண்டே தவறுகள். படிகள் பதினைந்து இல்லை, பதினான்கு. மாடிப்படி விளக்கு அணைந்திருந்தது என்பது தவறு, எரிந்துகொண்டிருந்தது.

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். சீட்டை இரண்டு முறை படித்தாள். "ரொம்ப தேங்க்ஸ், அண்ணா" என்றாள். சீட்டோடு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

மனைவி விழுந்த நேரத்தில் கடையில் இருந்ததாகச் சொன்னவனுக்கு விளக்கு எரிந்தது எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பொய்ச் சீட்டு எழுதி எனக்குப் பழக்கமில்லை.

மனைவி நல்லவள்தான். ஆனால் நான் விற்க மாட்டேன் என்று கட்டி மாடியில் போட்ட புத்தகத்தை, நான் இல்லாத நேரம் பார்த்து நாலு பேருக்கு விற்றிருந்தாள். அன்று ஐந்தாவது பிரதியை எடுத்துக்கொண்டு கிளம்பியவளைப் படி முனையில் பிடித்தேன்.

"கேட்டு வர்றவங்ககிட்ட இல்லைன்னு பொய் சொல்ல எனக்கு வராது" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வீட்டிலேயே என் மறுப்புக்கு மதிப்பில்லை என்றால் ஊரில் எவன் மதிப்பான்? யோசித்துப் பாருங்கள். நீங்களும் ஒரு வீட்டின் தலைவர்தானே.

தங்கையின் புத்தகத்தில் மூன்றாவது தவறு ஒன்றும் உண்டு. சீட்டில் விட்டுவிட்டேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பத்தோராம் பக்கம். அண்ணன் இரண்டு கையாலும் தள்ளினான் என்று இருக்கிறது. ஒரு கைதான். இன்னொரு கையில் அவளிடமிருந்து வாங்கிய புத்தகம் இருந்தது. அதன் முனை மடங்கிவிடக் கூடாதே என்று கவனமாகப் பிடித்திருந்தேன்.