கொஞ்சம் பொறுங்க

வினோ: போன் திரை இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு ஷீனா.

ஷீனா: ஐயையோ... எந்த வளைவுல நிக்கிறீங்க?

வினோ: டீ ஃபேக்டரிக்குக் கீழ. ரேஞ்சு ஒரு கோடு வருது, போகுது.

ஷீனா: அங்கயே நில்லுங்க. பக்கத்து வீட்டு ரிஜோவோட பழைய போன்லதான பாக்குறீங்க?

வினோ: அதேதான். பின்மூடிக்கு ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கான். இதுல நம்ம ஹோம்ஸ்டே வெப்சைட்டு வந்துச்சுன்னா எதுலயும் வந்துரும்.

ஷீனா: அமிர்தநாதன் சார் போனும் அந்த ரகந்தான். பதினோரு மணிக்கு மறுபடி பாப்பாரு. அப்பறந்தான் அவரு கூட்டிட்டு வர்ற முப்பது பேரும் நம்மகிட்ட தங்குறதா, வேற எடமான்னு சொல்வாரு.

வினோ: மணி பத்தே முக்கா.

ஷீனா: தெரியுது! பயங்காட்டாதீங்க.

வினோ: நேத்து பாவம் அந்த மனுசன். மதுரையில உக்காந்து ஒரு மணி நேரம்...

ஷீனா: சிரிக்காதீங்க.

வினோ: "கொஞ்சம் பொறுங்க"ன்னு நீ எழுதி வச்ச. அவரும் பொறுத்தாரு. சாப்பிடக்கூட எந்திரிக்கலையாம்!

ஷீனா: ரூம் விவரம் வர்ற வரைக்கும் காட்டுறதுக்குப் போட்டது அது. அந்தப் பிளகின் அவசரப்பட்டு அதையே படம் புடிச்சு வச்சிருச்சு. நானும் பாக்காம ஏத்திட்டேன்.

வினோ: பிளகின்னா? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு.

ஷீனா: முன்னாடி என்ன பண்ணோம்? வர்றவங்க கையில அரிசி பருப்பக் குடுத்து, நீங்களே பொங்கிக்கங்கன்னோம். பக்கத்த அவங்க போன்லயே தயார் பண்ற ஜாவாஸ்கிரிப்ட், பழைய போன்ல சரியா ஓடாது. அடுப்பே பத்தாது. வெறும் வெள்ளைத் திரைதான்.

வினோ: இப்ப?

ஷீனா: நான் பக்கத்தத் தயார் பண்றப்பவே பிளகின் இங்கயே பொங்கிருது. கட்டுச்சோறு. அவங்க பிரிச்சுத் தின்னா போதும்.

வினோ: நேத்து நீ கட்டுனது வேகாத சோறு.

ஷீனா: ஆமாய்யா, ஆமா! இன்னிக்கி ரூம் லிஸ்ட் வந்தப்பறந்தான் படம் எடுக்கணும்னு பிளகின்கிட்ட சொல்லிருக்கேன். பதினாலு பக்கத்தையும் ஒண்ணொண்ணா பாத்துட்டேன்.

வினோ: இந்தத் தடவையும் ஆள் வரலன்னா...

ஷீனா: ஹோம்ஸ்டேவப் பூட்டிட்டுத் திருப்பூருக்குப் பொழைக்கப் போறோம். பேசுனது பேசுனதுதான். நான் பெட்டி கட்டிட்டேன்ல.

வினோ: நானும் அங்க இருக்குற நம்ம சந்தனத்துக்கிட்ட வீடு பாக்கச் சொல்லிட்டேன்.

ஷீனா: ம்...

வினோ: இரு, பின்னாடி ஆனவண்டி பஸ்காரன் ஹார்ன் அடிச்சே காதைக் கிழிக்கிறான். ஜீப்ப ஒதுக்கிட்டு வர்றேன்... ஷீனா! வந்துருச்சு!

ஷீனா: என்னது? முழுசாவா?

வினோ: மொத்தமா! நம்ம வீட்டு முற்றம், ஆறு ரூமும், டென்ட் போடுற எடம்... நீ வச்ச கப்பக்கெழங்கு மீன்கொழம்பு வரைக்கும் இருக்கு!

ஷீனா: "கொஞ்சம் பொறுங்க"?

வினோ: எங்கயும் இல்ல.

ஷீனா: மாதாவே...

வினோ: ஏய், அழுறியா?

ஷீனா: இல்ல... ஆமா. இருங்க, மெசேஜ் வருது. அவருதான்!

வினோ: என்னவாம்? ...ஷீனா? சொல்லுடி!

ஷீனா: கொஞ்சம் பொறுங்க.

வினோ: அடிப்பாவி!

ஷீனா: "பார்த்தாச்சும்மா. சனிக்கிழமை வர்றோம். இந்தத் தடவை பொறுக்க வேண்டியதே இல்லை"ன்னு போட்டிருக்காரு!

வினோ: அல்லேலூயா! அப்பாடா... இப்பத்தான் மூச்சு வருது. நான் வந்து அந்தப் பெட்டியப் பிரிக்கிறேன், நீ தூக்காத. நேத்து நகட்டிப் பாத்தேன், கல்லு மாதிரி கனக்குது.

ஷீனா: கல்லுதாங்க.

வினோ: என்ன?

ஷீனா: ஒரு துணிகூட வைக்கல. மனசு வரல... நீங்க தூக்கிப் பாப்பீங்கன்னு செங்கல்லா அடுக்கிட்டேன். கோவமா? ...என்னங்க? ரேஞ்சு போயிருச்சா?

வினோ: ரேஞ்செல்லாம் இருக்கு... வீடு பாக்கச் சொன்னேன்னேன்ல... சந்தனம் நம்பரே எங்கிட்ட இல்லடி.