தீட்டு வீட்டில் ஒரு பொட்டு

கணினியைத் திறந்து பார்க்கும் திடம் எல்லாருக்கும் வாய்க்காது, சார்ஜன். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். பக்கத் தகட்டைக் கழற்றினால் கரப்பான் முட்டை, காய்ந்த பல்லி, குழம்பு ஆவியில் ஊறிப் பிசுக்கேறிய தூசி. கோல சிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீட்டுக் கணினிகளை நான்தான் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறேன். அழுக்கைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

ஓய்வு பெறும்வரை செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். சேற்றுக் காலோடு ஆபீசுக்குள் யாரையும் விட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்துத்தான் பேசுவேன். திமிர் பிடித்தவன் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும். தரை சுத்தமாக இருந்தது.

மனைவி இறந்த துக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கை மாற்றிப் போட்டு, அதிலிருந்ததை எல்லாம் தெரியாமல் அழித்துவிட்டேன் என்று நீங்களே போலீஸ் வாக்குமூலம் எழுதி நீட்டினீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள். ஆனால் நான் எதையும் மாற்றிப் போடவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

என் மனைவி சந்திரிகா முன்பு அப்படிச் சுத்தமானவள். ஆயுத பூஜை வந்தால் மிக்ஸி, துணி துவைக்கும் மெஷின் என்று வீட்டில் ஒன்று விடாமல் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். ஒரு வருடம் நான் கணினியைத் திறந்து வைத்திருந்தேன். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். "அதான் மூளைன்னு சொன்னீங்க. அதுக்கு வெக்காம எதுக்கு வெக்கிறதாம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அழிக்காமல் விட்டுவிட்டேன்.

பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. மகள் விஷாலினி ரவாங்கில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். மற்ற நாட்களில் ஊட்டுவது, துடைப்பது, மாற்றுவது எல்லாம் நான்தான். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். யாரோ ஒருத்தி எண்ணெய் வழியும் தலையோடு என் வீட்டுக்குள் திரிவதை நினைக்கவே பிடிக்கவில்லை. வேண்டாம் என்றேன்.

ஒரு ஞாயிறு மகள் அம்மாவின் தாடையில் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்து, என்ன இது என்று கேட்டாள். தோல் மெலிந்துவிட்டது என்றேன். அடுத்த வாரம் கட்டிலுக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்தினாள். பதிவெல்லாம் வீட்டுக் கணினியில் சேரும்படி நானே இணைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஊட்டப் பழகிக்கொண்டேன்.

இப்படிப் படுத்தவர்களுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறீர்களா? பாதி உள்ளே போகும், பாதி வாயோரம் வழியும். கழுத்து மடிப்பில் தங்கிப் புளித்து நாறும். ஜெராமிலிருந்து வரும் மீன்காரன் வண்டி வாசலில் நின்றுவிட்டுப் போன வாடையைக்கூடத் தாங்கிக்கொள்வேன், இந்த வாடையைத் தாங்க முடியவில்லை. போதாததற்கு, வேண்டாம் என்றால் அவள் துப்புவாள். என் சட்டையில் படும். வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அவள் போன பிறகு, உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது என்று டாக்டர் எழுதினார். அது உண்மைதான். தகனமும் முடிந்தது.

கணினியில் இருந்த டிஸ்க் பழையது, கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அதில்தான் அம்மாவின் கடைசி நாட்கள் இருக்கின்றன என்று விஷாலினி பதறிப்போய், அதே மாதிரி கறுப்பில் பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தாள். உறையை அவளே பிரித்து என் கையில் கொடுத்தாள். கருமாதி முடிந்ததும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாள். அம்மா வைத்த பொட்டு இருப்பதுதான் பழசு, அதிலிருந்து புதுசுக்கு எடுத்துவிடுங்கள் என்றாள்.

நகல் எடுக்கும்போது எதிலிருந்து, எதற்கு என்று கணினி கேட்கும். வெறும் டிஸ்க்கிலிருந்து நிறைந்த டிஸ்க்குக்கு என்று கொடுத்தேன். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. நிச்சயமாகத்தான் என்றேன். பழையதில் இருந்ததெல்லாம் அழிந்தது. முடிந்ததும் பழைய டிஸ்க்கின் பொட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். சாமி அறையிலிருந்து குங்குமம் எடுத்து எண்ணெயில் குழைத்துப் புதியதில் ஒரு பொட்டு வைத்தேன். நீ சொன்னபடி பொட்டு இருந்ததிலிருந்துதானே எடுத்தேன் என்று சொல்வதற்காக.

கருமாதிக்கு முன்பே மகள் பார்க்க வந்தபோது திரை கறுப்பாக நின்றது. நானும் கூட நின்று வயரைப் பிடுங்கிச் செருகினேன், துளையை மாற்றினேன், வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒரு பிற்பகல் முழுக்க அந்த நாடகம் ஆடினேன். அவள் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். மேசையெல்லாம் டிஷ்யூ. அதைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. கடையில் பொட்டு வைத்துக் கொடுத்திருப்பார்கள், அதனால் ஏமாந்துவிட்டேன் என்றேன்.

அவள் டிஸ்க்கை எடுத்து விரலால் தடவினாள். குங்குமம் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"கவர நாந்தானப்பா பிரிச்சேன். பொட்டே இல்லலா," என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "தீட்டு வீட்டுல யாருப்பா பொட்டு வெச்சது?"

அவள் அம்மா போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நெற்றியில்கூடக் குங்குமம் வைக்கவில்லை. சாமி அறையையே சாத்தி வைத்திருந்தோம். அதை நான் யோசிக்கவில்லை. அவள் நேராக உங்களிடம் வந்தாள்.

டிஸ்க்கில் இனி எதுவும் கிடைக்காது, சார்ஜன். யாரிடம் கொடுத்தாலும் கிடைக்காது. அந்த வேலை சுத்தமாக நடந்திருக்கிறது. எனக்குப் பிடிக்காதது வேறு. கிராணியாரே டிஸ்க்க மாத்திப் போட்டுட்டாராம்லா என்று பக்கத்து வீட்டுச் சுகுமாரன் கடைத்தெருவில் சொல்லிச் சிரிக்கிறான். எது காலி, எது நிறைந்தது என்று தெரியாதவனா நான்?

அந்த டிஸ்க்கில் இருந்தது இதுதான். அன்று நான் உட்காரவில்லை, நின்றுகொண்டு ஊட்டினேன். அவள் துப்பியது என் முகத்தில் விழுந்தது, உதட்டிலும் பட்டது. இன்னொரு கரண்டியை உள்ளே தள்ளி, முகம் துடைக்கும் குட்மார்னிங் துண்டை மடித்து அவள் வாய்மேல் வைத்து அழுத்தினேன். விழுங்கும்வரை அப்படிப் பிடிப்பது வழக்கம்தான். தாடை நீலம் அதனால் வந்தது. எப்போதும் விழுங்கிவிடுவாள். அன்று விழுங்கவில்லை. நல்ல கையால் என் சட்டையைப் பிடித்தாள். விரலெல்லாம் கஞ்சி, அதனால் அந்தக் கையை எடுத்துவிட்டேன். அவள் கண் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் துண்டை எடுக்கவில்லை, மறுபடி துப்பிவிடுவாளோ என்று.

நான் கொன்றேன் என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதுங்கள். என்னைப் பொறுத்தவரை நான் ஊட்டினேன்.

பிறகு வாயைத் துடைத்தேன். கழுத்து மடிப்பை வெந்நீரில் துடைத்தேன். விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினேன். விரிப்பை மாற்றி, துவைத்த நைட்டியைப் போட்டுவிட்டு, நானும் குளித்தேன். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்த பெண் அவளைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க, அங்கிள்," என்றாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.