சீட்டிக்குருவியைக் கேட்டவன்

பறவை பார்க்க வருகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரக் கூடாது, ஐயா. முன்கூட்டியே எழுதி அனுப்புவேன். ஆனாலும் பத்துப் பேரில் நாலு பேர் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய மாதிரிதான் படகிலிருந்து இறங்குவார்கள். இருபத்திரண்டு வருடமாக வழிகாட்டியாக இருக்கிறேன். செவிடன் காதில் சங்கு ஊதுகிற வேலை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எங்கள் தீவில் காடு இரண்டு, நடுவில் மலை. கிழக்குச் சரிவில் மேகம் வந்து மோதும். வருடம் முழுக்க ஈரம், பாசி, அட்டை. அது என் காடு. மலையைத் தாண்டி மேற்கே இறங்கினால் முள்ளும் செம்மண்ணும்தான். அது என் தங்கை புருஷனின் காடு. அங்கே இலை குறைவு, பறவை ஒளிய இடமில்லை. காலைச் சாப்பாட்டுக்குள் நாற்பது வகை காட்டிவிடுவான். என் காட்டில் மூன்று மணி நேரம் மூடுபனியைப் பார்த்துவிட்டு, அட்டை கடித்த காலைத் தடவிக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்பார்கள். அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள்.

அப்படிப்பட்ட காட்டில்தான் ஏழு வருடத்துக்கு முன் சீட்டிக்குருவியைப் பார்த்தேன். முப்பது வருடமாக யார் கண்ணிலும் படாத பறவை. அழிந்துபோனது என்று புத்தகத்திலேயே போட்டுவிட்டார்கள். மூன்று முறை சீட்டி அடிக்கும், மூன்றாவது கொஞ்சம் இறங்கி முடியும். பாசி பிடித்த கிளையில், இந்த மேசையிலிருந்து அந்தக் கதவு வரைக்குமான தூரத்தில் உட்கார்ந்திருந்தது. நான் தனியாக இருந்தேன், அதுதான் என் தலையெழுத்து. பறவைச் சங்கத்தின் விதிப்படி, அரிய பறவை என்றால் சாட்சி இரண்டு வேண்டும். பார்த்திருக்கக்கூட வேண்டாம், பழகிய வழிகாட்டி ஒருவர் குரலைக் கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் பட்டியலில் ஏறிவிடும். தீவில் என்னைத் தவிரப் பழகிய வழிகாட்டி அவன் ஒருவன்தான்.

வருடா வருடம் கேட்டேன். "மச்சான், காதுல விழாததை விழுந்துச்சுன்னு எப்படி எழுதுறது? என்னைக்குக் கேக்குறேனோ அன்னைக்கே போட்டுத் தர்றேன்" என்பான். நேர்மையானவன் என்று ஊரே சொல்லும். நேர்மைதான். சொந்த மச்சானுக்கு ஒரு கையெழுத்துப் போடக் கூசுகிற நேர்மை.

அதோடு விட்டானா? "எங்க மச்சான் பார்த்த குருவிக்கு ரொம்பக் கூச்சம். அவருக்கு மட்டும்தான் முகம் காட்டும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். ஒருநாள் அவன் வீட்டில் சாப்பிடும்போதே சொன்னான். பரிமாறிக்கொண்டிருந்த என் தங்கை சிரித்துவிட்டாள். நான் தூக்கி வளர்த்தவள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனால் சிரித்தாள். இருந்தாலும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நான் கோபக்காரன் இல்லை, ஐயா.

இந்த வருடம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் இரண்டாம் சாட்சி இல்லையென்றால் என் பதிவை நீக்கிவிடுவார்களாம். காதால் கேட்டால் போட்டுத் தருகிறேன் என்று அவனே சொல்லியிருக்கிறான். கேட்க வைக்கலாம் என்று நினைத்தேன். நியாயமாகப் பார்த்தால் இதில் என்ன தப்பு? பறவையின் பழைய ஒலிப்பதிவு ஒன்று சங்கத்தில் உண்டு. அதைக் கைக்கு அடக்கமான ஒரு ஸ்பீக்கரில் ஏற்றினேன். கைபேசியிலிருந்தே இயக்கலாம். எங்கே வைப்பது என்பதுதான் யோசனை. புதரில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவான். கால் போகாத இடமாக இருக்க வேண்டும். அதனால் பாதையிலிருந்து தள்ளியிருக்கிற கிடுகிடு பள்ளத்தின் விளிம்புக்குக் கீழே, ஓர் ஆள் ஆழத்தில், தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டேன்.

என் காட்டில் தரை முடிகிற இடம் தெரியாது. பெரணிச் செடிகள் விளிம்பைத் தாண்டியும் பாய் விரித்த மாதிரி நிற்கும். கம்பால் தட்டிப் பார்க்காமல் நான் ஓர் அடி வைக்க மாட்டேன். முள்காட்டுக்காரன் அப்படியில்லை. குரல் கேட்டால் தலையைத் தூக்கிக்கொண்டு, பாதையை விட்டு இறங்கி, குரலை நோக்கி நேராக நடப்பான். அங்கே எங்கே கால் வைத்தாலும் தரைதான். காலில் ஊறிய பழக்கம். அது எனக்குத் தெரியும். மறைக்கவில்லை.

மறுநாள் வரப்போகும் கூட்டத்துக்கு வழி பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டேன், வந்தான். ஃபிளாஸ்கிலிருந்து முதலில் எனக்குத்தான் காபி ஊற்றிக் கொடுத்தான். மூடுபனி நன்றாக இறங்கியதும் பைக்குள் கைவிட்டுக் கைபேசியை அழுத்தினேன்.

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "அதேதான் மச்சான். என்னை மன்னிச்சிடுங்க" என்றான். ஏழு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். எனக்கும் தோன்றியது. அதற்குள் பாதையை விட்டு இறங்கிப் பத்தடி போயிருந்தான். நின்று திரும்பி, "எந்தப் பக்கம்னு தெரியல மச்சான். இன்னொரு தடவை கூவுமா?" என்றான்.

கூவ வைத்தேன்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பெரணி கொஞ்ச நேரம் ஆடியது. நரம்பை மேலே இழுத்து, ஸ்பீக்கரைத் துடைத்துப் பையில் வைத்தேன். இப்போது அது உங்கள் மேசையில் இருக்கிறது. கீழேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்று முதலில் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு முறை "மச்சான்" என்று கூப்பிட்டான். என் பையில் கயிறும் இருந்தது. ஆனால் விழும்போது அவன் ஸ்பீக்கரைப் பார்த்திருந்தால்? பார்த்தவன் மேலே வந்து கையெழுத்துப் போடுவானா? அவ்வளவு நேர்மையானவன்.

"அண்ணா, கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று தங்கை கேட்டாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டான் என்றேன். என் மடியில் தலைவைத்துத்தான் அழுதாள்.

அன்று சாயங்காலமே படிவத்தை எடுத்து, இரண்டாம் சாட்சி என்ற இடத்தில் அவன் பெயரை எழுதி, அவனைப் போலவே கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். நேற்றுப் பதில் வந்தது. பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். மற்றதற்கெல்லாம் நீங்கள் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன், ஐயா. அந்தப் படிவம் பொய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் குரல் அவன் காதில் விழுந்தது. அதற்கு நான் சாட்சி.