வேண்டாம் என்று அழித்த கோடுகள்

டிசம்பர், செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்குப் பண்ணைக்காட்டிலிருந்து கொடைக்கானல் பேருந்து புறப்பட்டது. என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தனர். மூத்தவர் சொன்னார்:

"குயில்ட்ட ஃப்ரீசர்ல வச்சேன்."

"போர்வையவா? அதுக்கே குளுருமேக்கா!"

"எம்மக சாகுறதுக்கு முன்ன, பேரனுக்குத் தைக்கணும்னு, சூடு பட்டா அழியுற பேனாவுல அதுல பூ வரஞ்சு வச்சிருந்தா. தெரியாம இஸ்திரி போட்டுட்டேன். எல்லாம் மறஞ்சிருச்சு. குளுருல வச்சா திரும்ப வரும்னாங்க."

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. அவ வேணாம்னு அழிச்ச கோடும் சேந்து வந்துருச்சு. எது அவ நெனச்ச பூவுன்னு தெரியலடி."

இறங்குவதற்கு முன் மூத்தவர் மீதி வேலைகளை விரல்விட்டு எண்ணினார்: பஞ்சு வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, எந்தக் கோடு என்று மகளிடம் கேட்பது.