நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு

எங்கள் வீட்டுக் கொலுவுக்குச் சின்னக் காஞ்சிபுரத்தில் நல்ல பெயர் உண்டு. அந்தப் பார்க்கை மட்டும் வைக்காமல் இருந்திருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் மாடல் கார்கள் சேர்க்கிறவன். பொம்மைக் கார் இல்லை, ஸார். வித்தியாசம் அளவில் இருக்கிறது. என்னிடம் உள்ளவை எல்லாம் நிஜக் காரில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவில் அம்பாஸடர் பத்து சென்டிமீட்டர் நீளம். பக்கத்தில் ஆளை நிறுத்தினால் நான்கு சென்டிமீட்டர். கண்ணாடி அலமாரிக்கு முன் குனிந்து பார்த்தால் ஒரு தெரு தெரியும். ஒரு கார் அளவு மாறினாலும் தெரு போய்விடும்.

எங்கள் கல்யாணத்துக்கு என் மனைவி ஸிந்துஜாவின் அண்ணன் துபாயிலிருந்து ஒரு கார் கொண்டுவந்தான். பதினெட்டில் ஒரு பங்கு, ஒரு சாண் நீளம். அவள் அதை என் அலமாரி நடுவில் வைத்தாள். எடுத்தேன். மறுபடி வைத்தாள். காகிதத்தில் வகுத்துக் காட்டினேன். அவள் பி.எஸ்ஸி. கணிதம்.

"புரியறதுன்னா. ஆளுக்கு ஒரு சைஸ் இருந்துட்டுப் போகட்டுமே."

எத்தனை முறை சொன்னாலும் இதே பதில்தான்.

போன நவராத்திரிக்கு நான் ஆபீஸிலிருந்து வந்தபோது என் கார்கள் கொலுப்படிகளின் கீழே அவள் போட்ட பார்க்கில், கடுகு முளைத்த ஈரப் புல்லில் நின்றன. ஒரு சாண் உயரச் செட்டியார் பொம்மையின் காலடியில் என் அம்பாஸடர் கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி கிடந்தது. அவள் அண்ணன் கார் பொம்மைக் கோபுர வாசலில்.

"ஏண்டி, செட்டியார் எந்த வண்டியிலடி ஏறுவார்?" என்றார் சுண்டல் வாங்க வந்த எதிர்வீட்டு ரமாமணி மாமி.

"பெரிசுல மாமி. சின்னது எங்காத்துக்காரருக்கு. அவருக்குத்தான் அளவு சரியா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளைப் பரணில் ஏற்றினோம். மொசைக் தரை. அவள் ஏணியில் ஏறுவாள், நான் ஏணியின் அடியில் என் காலை முட்டுக் கொடுத்து ஒவ்வொன்றாக நீட்டுவேன். செட்டியாரைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். கடைசியாக ஒரு டப்பா. அது கனத்தது. என் கார்கள் எங்கே என்று கேட்டேன்.

"அண்ணா கார் டப்பாவிலேயே எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கிடுத்து. இப்பவாவது உங்களுக்கு நிம்மதியா?"

மேலே நின்று டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டினாள். உள்ளே ஒரு சக்கரம் கழன்று உருண்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

எல்லோரும் ஏணி சறுக்கியது என்றார்கள். மாமனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நீங்கள் ஒருவர்தான், புது ரப்பர் போட்ட ஏணி எப்படிச் சறுக்கும் என்று கேட்டீர்கள்.

சறுக்கவில்லை, ஸார். முட்டுக் கொடுத்த காலை எடுத்துப் பார்த்தேன். ஏணி அசையாமல் நின்றது. அதனால் தள்ளினேன்.

ஆனால் கொலை என்று எழுதுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பரண் எட்டடி உயரம். நாற்பத்து மூன்றால் வகுத்தால் ஆறு சென்டிமீட்டர்கூட வராது. அவ்வளவு தூரம் விழுந்து யாராவது சாவார்களா?