குழாய்க்குள்ள போற கை

இல்லண்ணே, சாமான் ஒண்ணும் கட்டல. எங்க வீட்டுக்காரரு சொல்லி எங்களக் கூட்டிப்போக நீங்க லொறியத் திருப்பி நிப்பாட்டிட்டு வந்தது தெரியுது. ஒக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன். சீனி இல்ல, கருப்பட்டியக் கடிச்சுக்கங்க.

பாப்பாவா? தூங்குது. நான் ஆம்பளைங்ககிட்ட இவ்வளவு பேசினதே இல்லண்ணே. அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே கேளுங்க.

பொகவந்தலாவையில ஒங்க தோட்டத்துல இவருக்குக் குடுத்த வீட்டுல சன்னல் இருக்கா? அடுப்பு வேலைய மேய்க்கிற கங்காணின்னா இருக்கும்தான்.

இங்க இவரு தேயில அரைக்கிற இஸ்டோருல அடுப்பு எரிச்சாரு. தேத்தூளு காயுறது அந்தச் சூட்டுலதானே. வரிசையாக் குழாய், வெளிய நெருப்பு, உள்ள காத்து. நானும் வீரம்மாக்காவும் இன்னும் கொஞ்சம் பொண்டுகளும் வெறகு சொமந்து சொமந்து போட்டாலும் தூளு ஈரமாத்தான் வரும். இஸ்டோருக்குப் பெரியவரு டீமேக்கர் ஐயா குதிப்பாரு.

இவருதான் கண்டுபுடிச்சாரு. குழாய் நடுவால போற காத்து சூட்டத் தொடாமலே ஓடிப்போகுதுன்னாரு. தேயிலப் பொட்டி ஓரத்துல அடிக்கிற தகரப் பட்டைய, கயிறு திரிச்ச மாதிரி முறுக்கி உள்ள வுட்டா, காத்து சுத்திச் சுத்தி ஓரத்துல ஒரசிக்கிட்டுப் போகும்னாரு.

வுட்டது யாரா? நான்தான். ஞாயித்துக்கெழம அடுப்பு ஆறிக் கெடக்கும். சும்மா தள்ளிவுட்டாப் போதாதுண்ணே, உள்ளுக்குள்ள கம்பியில மாட்டணும், இல்லாட்டி காத்து தூக்கிட்டுப் போயிரும். இவரு கையி ஒலக்க மாதிரி, முழங்கையோட நின்னுரும். எங் கையி தோளு வரைக்கும் போகும். இந்தா பாருங்க, பட்டை கிழிச்ச தழும்பு.

மறுநா தூளு மொறுமொறுன்னு வந்துச்சு. அடுப்பு பாதி வெறகுதான் தின்னுச்சு. டீமேக்கர் இவரு தோளத் தட்டுனாரு. நான் முந்தானைக்குள்ள சிரிச்சேன்.

வீரம்மாக்கா சிரிக்கல. வெறகு பாதியானா நாம பாதிப் பேரு எங்கடி போறதுன்னுச்சு. இவருகிட்ட கேட்டேன். கொழுந்து பறிக்க மாத்துவாங்க, ஒருத்தரையும் நிப்பாட்ட மாட்டாங்கன்னு பாப்பா தலையில கை வச்சுச் சொன்னாரு. அதத்தான் நான் அக்காகிட்ட ஒப்பிச்சேன்.

அப்புறம் என்ன, காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால கணக்கப்பிள்ள பேரு வாசிச்சாரு. வேலை நின்னவங்க பேரு. மொதப் பேரு என்னோடது, அடுத்தது அக்காவுது. இவரு வீட்டுக்கு வந்து தொரைய வையி வையின்னு வஞ்சாரு. நானும் கூடச் சேந்து வஞ்சேன். அந்தக் கையோட இவரு கங்காணியா ஒங்க தோட்டத்துக்கு வந்துட்டாரு. நாங்க இருக்குற இந்தக் காம்பராவக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. தண்ணி விழுற பீலிக்குப் போனா, என்னயக் கண்டதும் அக்கா பாதிக் கொடத்தோட திரும்பிருது.

இல்லண்ணே, எங்க ஆத்தா வீடு கொட்டகலை. அங்கதான் போறேன்.

ஆசையாத்தான் கூட்டியாரச் சொன்னாரா? நாளைக்கி ஞாயித்துக்கெழம. அங்கயும் அடுப்பு ஆறிக் கெடக்கும், இல்ல? குழாய் இத விடச் சிறுசுன்னு நீங்கதானே வந்ததும் சொன்னீங்க. அட, தலையக் குனியாதீங்க. நீங்க என்ன செய்வீங்க.

அங்க வெறகு சொமக்குறது யாரு? ஒங்க வீட்டுக்காரியுமா?

அப்பக் கேட்டுட்டுப் போங்க. கணக்கப்பிள்ள பொஞ்சாதி எங்கிட்டச் சொன்னது. தொரைக்கு அந்தப் பேருங்களச் சொல்லிக் குடுத்ததே இவருதானாம். எம் பொஞ்சாதி பேர மொதல்ல வாசிங்க, மத்தவளுக வாயத் தொறக்க மாட்டாளுகன்னாராம்.

தேத்தண்ணி ஆறுதுண்ணே, குடிங்க.