கல்லு வரைக்கும் தண்ணி

— மூடிறாதீங்கண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். எம்புட்டுத் தெளிவா வருது பாருங்க!

— கையை ஏந்திக் குடி, கருப்பாயி. மூணு மாசமா இந்தக் கொழாயைப் பொதைச்சவன் நானு. தண்ணி வந்ததும் எனக்கே மெய் சிலிர்த்துப் போச்சு.

— போன வருச வெள்ளத்துக்கு அப்புறமே இது வந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான். ஆத்துத் தண்ணியைக் குடிச்சுப் பேதியிலதானேண்ணே அவன் போனான்! வயித்துல இருக்கறதாவது இதைக் குடிச்சு வளரட்டும். ஆமா, இதை யாரு குடுத்தது? நம்ம தோட்டத்துத் துரையா?

— அலமாக்! அவரா? ரப்பர் வெலை விழுந்துருச்சுன்னு ஒரு ஆணி கூட வாங்கித் தரமாட்டாரு. மலையிலேருந்து சிகாமட் டவுன் தொட்டி வரைக்கும் ஜொகூர் பாரு கவர்மெண்டு செலவு. தொட்டியிலேருந்து டவுன் எல்லைக்கல்லு வரைக்கும் டவுன் போர்டு செலவு. கல்லைத் தாண்டி ஒரு முழம்னாலும் தோட்டத்துக்காரன் செலவு.

— அம்மாடி! ஒரு வாய்த் தண்ணிக்குப் பின்னால இம்புட்டுப் பேரா!

— அத்தனையும் பெரிய பெரிய ஆளுங்க. ஆனா கல்லைக் கண்டா எல்லாரும் அப்படியே நின்னுர்றாங்க. அதான் அதிசயம்!

— அப்ப நம்ம தோட்டத்து லயத்து வீடுங்களுக்கு எப்படிண்ணே வந்துச்சு? டவுனு அந்தப் பாலத்தோட முடிஞ்சுருமே?

— அப்படித்தான் நானும் நெனைச்சேன். வெள்ளத்துல ஆபீசு வரைபடமெல்லாம் ஊறிக் கூழாப் போச்சு. கல்லு எங்க நிக்குதோ அதுதான் எல்லைன்னுட்டாரு எஞ்சினியர் துரை. தேடிக்கிட்டே வந்தா, ஒங்க லயத்துக் கடைசி வீட்டையும் தாண்டி நிக்குது! இத்தனை வருசமா நீங்க டவுனுக்குள்ளதான் இருந்திருக்கீங்க, கருப்பாயி! ஒருத்தருக்கும் தெரியலை!

— எந்தக் கல்லுண்ணே?

— அதோ, கொல்லையில சாய்ஞ்சாப்ல நிக்குதே, எழுத்து வெட்டி. மத்த கல்லெல்லாம் பாசி புடிச்சுக் கெடக்கு, இது மட்டும் இம்புட்டு வெள்ளையா இருக்கேன்னு எஞ்சினியர் துரையே தொட்டுத் தொட்டுப் பார்த்தாரு. என்னம்மா, ஏன் இப்படி முழிக்கிற?

— மெதுவாப் பேசுங்கண்ணே. தெரிஞ்சா கொழாயைப் புடுங்கிருவாங்களா?

— என்ன தெரிஞ்சா?

— வெள்ளம் வடிஞ்சப்ப அது ஆத்தோரமாக் கெடந்துச்சு. துணி தொவைக்க ஆவும்னு நானும் பக்கத்து வீட்டுக் காளியம்மாவும் உருட்டிக்கிட்டு வந்து நட்டோம். எழுத்துப் பக்கம் சொரசொரன்னு இருக்கா, அழுக்கு நல்லாப் போவுதுண்ணே.